ஊசி பிடித்த கை

உத்தரப் பிரதேசத்தில் காசிப்பூர் மாவட்டம் இருக்கிறது. அங்கே தாமூப்பூர் என்று ஒரு சிற்றூர். 1933 ஜூலை 1 அன்று அந்த ஊரில் அப்துல் ஹமீத் பிறந்தார். அவருடைய அப்பா ஒரு தையற்காரர்.

ஹமீதும் தையல் தொழிலைக் கற்றுக்கொண்டார். அப்பாவுக்கு உதவியாகத் துணி தைத்தார். தையல் எளிதான வேலை அல்ல. கண் கூர்மையாக இருக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது. அளவு பார்க்காமல் கத்தரி வைத்தால் துணி வீணாகும்.

பட்டாளத்தில் சேர்ந்தார்

1954 டிசம்பரில் ஹமீத் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21. கிரனேடியர்ஸ் படையின் 4-ஆம் பட்டாலியனில் அவர் இருந்தார். 1962-இல் சீனாவுடன் போர் நடந்தது. அவருடைய பட்டாலியன் வடகிழக்கு மலை எல்லையில் போரிட்டது. பிறகு அவர் ஹவில்தார் ஆனார்.

ஜீப் மேல் ஏற்றிச் செல்லும் ஒரு பீரங்கி உண்டு. அதைச் சுடுவதில் ஹமீத் கைதேர்ந்தவர். சாதாரண பீரங்கி சுடும்போது பின்னால் உதைக்கும். இந்தப் பீரங்கி உதைக்காது. வெடித்த புகையும் நெருப்பும் பின்பக்கமாக வெளியே போய்விடும். அதனால் ஜீப் தாங்கும். ஆனால் ஆபத்தும் உண்டு. சுட்டவுடன் பின்னால் நெருப்பும் புழுதியும் கிளம்பும். எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். சுட்டவர் உடனே இடம் மாற வேண்டும்.

கரும்பு வயலில் போர்

1965 செப்டம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. பஞ்சாபில் கேம்கரண் பகுதிக்குள் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் நுழைந்தன. ஒரு டாங்கியின் எடை சுமார் 45 டன். சுற்றிலும் கனமான இரும்புக் கவசம். ஹமீதின் ஜீப்புக்குக் கவசமே கிடையாது.

நம் படையினர் கரும்பு வயல்களில் மறைந்து நின்றார்கள். வாய்க்காலை உடைத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். டாங்கிகள் சேற்றில் சிக்கின.

செப்டம்பர் 10, காலை சுமார் எட்டு மணி. சீமா என்ற ஊருக்கு அருகே டாங்கிகள் வந்தன. ஹமீத் பதற்றப்படவில்லை. முன்னால் வந்த டாங்கியைக் குறிபார்த்துச் சுட்டார். அது நின்றது. ஜீப்பை வேறு இடத்துக்கு மாற்றினார். இன்னொரு டாங்கியைச் சுட்டார். அதற்குள் எதிரிகள் ஜீப்பைப் பார்த்துவிட்டார்கள். குண்டுகள் பொழிந்தன. அவர் விலகிப் போகவில்லை. மறுபடியும் ஒரு டாங்கியைச் சுட்டார். அந்த நேரத்தில் எதிரியின் குண்டு அவரைத் தாக்கியது. ஹமீத் வீரமரணம் அடைந்தார். அவருக்கு வயது 32.

எதிரிகளால் அங்கே மேலும் முன்னேற முடியவில்லை.

மறவாத நாடு

அருகில் உள்ள அசல் உத்தர் என்ற ஊரில் ஹமீதை அடக்கம் செய்தார்கள். போர் வீரத்துக்கான மிக உயர்ந்த விருது பரம்வீர் சக்கரம். அது அவருக்குக் கிடைத்தது. 1966 குடியரசு தினத்தன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதை வழங்கினார். ஹமீதின் மனைவி ரசூலன் பீவி பெற்றுக்கொண்டார். அந்த அம்மையார் 2019-இல் காலமானார்.

2000-இல் ஹமீதுக்காக அஞ்சல் தலை வெளியிட்டார்கள். 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

ஊசி சிறிய கருவி. பீரங்கி பெரிய கருவி. இரண்டுக்கும் பொறுமை வேண்டும், சரியான அளவு வேண்டும். தொழிலை முழுமையாகக் கற்றவரின் கை எந்த இடத்திலும் உதவும். ஹமீதின் வாழ்க்கை நமக்குச் சொல்வது இதுதான்.

சிந்திப்போம், எழுதுவோம்

1. ஹமீத் முதலில் கற்ற தொழில் எது?
2. பீரங்கியைச் சுட்டவுடன் ஏன் இடம் மாற வேண்டும்?
3. வயல்களில் ஏன் தண்ணீர் பாய்ச்சினார்கள்?
4. உங்கள் ஊரில் கைத்தொழிலில் பேர் வாங்கிய பெரியவர் யார்? அவர் வீட்டாரிடம் கேட்டு, அவரைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.