விழித்திரைக்கு இரண்டு ஆறுகள்

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தின் இரு பக்கமும் ஓடுகின்றன அல்லவா? நம் விழித்திரைக்கும் இப்படி இரண்டு இரத்த வரத்துகள் உண்டு. உட்புற அடுக்குகளுக்கு மையத் தமனி. வெளிப்புற அடுக்குகளுக்குக் கோராய்டு என்னும் இரத்தக்குழாய்ப் படலம்.

சிறு இரத்தக்கட்டியோ கொழுப்புத் துணுக்கோ மையத் தமனியை அடைத்துவிட்டால், அந்தக் கண்ணில் பார்வை திடீரென மறைந்துவிடும். வலியே இராது. அதுதான் ஆபத்து! 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிடுவோர் உண்டு. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணிபுரிந்த மருத்துவர் சோஹன் சிங் ஹேரே, வயது முதிர்ந்த குரங்குகளில் இதை ஆராய்ந்தார். அடைப்பு 97 நிமிடம் நீடித்தும் விழித்திரை பிழைத்தது. 240 நிமிடத்தில் பெரும் சேதம், மீளாத சேதம்.

இந்த இடைவெளியில் கைகொடுக்கக்கூடியது உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறை. இதன் அடிப்படை, நீங்கள் படிக்கும் ஹென்றி விதியே (1803): திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அவ்வாயுவின் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். கோலி சோடாவை உடைத்ததும் பொங்குவதும் இதனால்தான்.

ஒரு லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்ஸிஜன் சுமார் 200 மில்லி லிட்டர். அது முன்பே ஏறக்குறைய நிரம்பிய வண்டி. மேலும் ஏற்ற இடமில்லை. பிளாஸ்மாவில் கரைந்திருப்பதோ வெறும் 3 மில்லி லிட்டர். சாதாரணமாக நுரையீரலில் ஆக்ஸிஜனின் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம். அறையில் 2.5 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்தால்? மொத்தம் 1900 மி.மீ.; நீராவிக்கும் கரியமில வாயுவுக்கும் சுமார் 90 கழித்தால் 1810. அதாவது 18 மடங்கு! கரைந்த ஆக்ஸிஜன் 54 மில்லி லிட்டராகிறது. ஓய்வில் இருக்கும் உடல் ஒரு லிட்டர் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதே ஏறத்தாழ 50தான். ஆம்ஸ்டர்டாமில் போரேமா என்ற அறுவை மருத்துவர், சிவப்பணுக்கள் அநேகமாக நீக்கப்பட்ட பன்றிகளை 3 வளிமண்டல அழுத்தத்தில் உயிரோடு வைத்துக் காட்டி, அதை 1960-ல் வெளியிட்டார்.

அழுத்த வேறுபாடு கூடினால் வாயு அதிக தூரம் பரவும். காவிரி வறண்டபோது கொள்ளிடத்து வெள்ளம் மணலுக்குள் கசிந்து வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோராய்டின் ஆக்ஸிஜன், பட்டினி கிடக்கும் உட்புற அடுக்குகளை எட்டுகிறது.

ஆனால் அறை அடைப்பை நீக்குவதில்லை. தமனி திறக்கும்வரை திசுவைக் காத்து வைக்கிறது, அவ்வளவே. சிலருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது, பலருக்கு இல்லை. பெரிய ஒப்பீட்டுச் சோதனைகளின் உறுதியான சான்றும் இன்னும் போதாது. மேலும் இது கண்ணில் வந்த பக்கவாதம் போன்றது. கட்டி பெரும்பாலும் கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ வருவதால், அடுத்த துணுக்கு மூளைக்குச் செல்லக்கூடும். ஆகவே நள்ளிரவானாலும் நோயாளியை அவசரப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டும். அங்கே இதயத்தையும் கழுத்துத் தமனிகளையும் சேர்த்துச் சோதிப்பார்கள்.