நீத்தார் கடனும் இருப்போர் நலமும்

இல்வாழ்வான் பேணத்தக்கவர்களைக் கூறப் புகுந்த திருவள்ளுவர், தென்புலத்தாரை முதலில் வைத்தார். அவ்வரிசையிலேயே சுற்றத்தாரையும் சேர்த்தார். நீத்தாருக்குரிய கடனைக் குறைவறச் செய்யும் குடும்பங்கள் பல, அவர் விட்டுச் சென்ற சுற்றத்துக்குரிய கடமையில் காலம் தாழ்த்தி விடுகின்றன.

இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த விதியாகும். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து உறவினர் ஊர் திரும்புங்கால் எஞ்சி நிற்பவை ஐந்தே நாள்கள். அவையும் சோர்விலே கழிந்துவிடும். ஆதலால், பால் தெளித்த மறுநாளே உறவினருள் ஒருவரை இதற்கென அனுப்புதல் நலம். கெடு கடந்தால் தாமதக் கட்டணமும், 30 நாள்களுக்குப் பின் மேலதிகாரியின் அனுமதியும், ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணையும் வேண்டியிருக்கும்.

இறப்பு எங்கு நிகழ்ந்ததோ அங்குதான் பதிவு செய்யப்படும். மதுரை மருத்துவமனையில் உயிர் பிரிந்தவருக்குச் சொந்தச் சிற்றூரின் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டுப் பயனில்லை. மருத்துவமனையே பதிவாளருக்குத் தகவல் அனுப்பும். ஆயினும் அங்கு எழுதித் தரும் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. துயரில் இருப்பவர் வீட்டில் வழங்கும் பெயரைச் சொல்லிவிடுவதுண்டு. ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பட்டாவிலும் வேறு பெயர் இருப்பின், அந்த ஓர் எழுத்துக்காகக் கைம்பெண் ஒருவர் பல மாதங்கள் அலைய நேரிடும்.

அடுத்தது, வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்று. இ-சேவை மையம் வழியாக இதற்கு விண்ணப்பிக்கலாம். உயில் எழுதாது மறைந்த இந்து ஆடவரின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் அவரைப் பெற்ற தாய்க்கும் சமபங்கு உண்டு என 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. மகனைப் பறிகொடுத்த முதிய தாயின் பெயரே விண்ணப்பங்களில் பெரிதும் விடுபடுகிறது. மணமாகிச் சென்ற மகளின் பெயரும் அவ்வாறே. வங்கியில் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெறலாம். எனினும் அதனாலேயே அவர் அதற்கு உரியவராகிவிடார், ஏனைய வாரிசுகளின் பங்கு நிலைத்திருக்கும்.

இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுப்பதைத் தவிர்த்து, வங்கிக்கு உடனே தெரிவித்தல் முறை. ஓய்வூதியம் பெற்றவராயின் அவ்வலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

கருமாதி நாளில் தாய்மாமன் கோடித் துணி தந்து, மகனுக்கு உருமால் கட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. உறவினர் அனைவரும் கூடியிருக்கும் அந்நாளிலேயே, அழுது ஓய்ந்த தாயிடமும் சகோதரிகளிடமும் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்போரும் உளர். அவர்களை ஆண்டுத் திதி முடியும்வரை பொறுக்கச் சொல்லலாம். இறப்பைப் பதிவு செய்வதற்கே 21 நாள் கெடு. பாகம் பிரிப்பதற்கு அத்தகைய கெடு ஏதுமில்லை.