டெபியன் கணினியில் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால்



நம் டிரஸ்ட்டின் கணினி வகுப்பில் இருப்பவை நன்கொடையாக வந்த பழைய கணினிகள். விண்டோஸ் வாங்க வசதியில்லை. திருட்டுப் பிரதியை ஏற்றி அதில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த மனம் ஒப்பவில்லை. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் டெபியன் லினக்ஸை ஏற்றியிருக்கிறோம். இப்போது சிலர் வீட்டிலும் ஏற்றத் தொடங்கியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு உருவாக்க ‘ஆட்யூசர்’ கட்டளையைத் தட்டினேன். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றது. ஏற்றிக் கொடுத்த கல்லூரி மாணவர் அரைகுறையாகச் செய்துவிட்டார் என்று நினைத்து, பிள்ளைகள் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றச் சொன்னேன். நல்லவேளை, அவர் உடனே செய்யவில்லை. பிள்ளைகள் தட்டச்சு செய்து வைத்த பாடங்கள் அதில்தான் இருந்தன.

கட்டளை உள்ளேயே இருந்தது. பள்ளிவாசலில் பாய் தேடுபவர் தொழும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்பார். பாய் மோதினார் அறையில் இருக்கும். அதுபோல, நிர்வாகக் கட்டளைகள் ‘எஸ்பின்’ என்ற அடைவில் இருக்கின்றன. சாதாரணப் பயனருக்காகத் தேடும்போது டெபியன் அங்கே பார்ப்பதில்லை. ‘எஸ்யூ’ என்று தட்டி நிர்வாகியாக மாறினாலும், டெபியன் 10 முதல், பழைய தேடும் வழியே தொடர்கிறது. ‘எஸ்யூ’ எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட வேண்டும். நான் விட்டது அந்தக் கோட்டைத்தான்!

எனவே முதலில் ‘வேர்’, ‘இஸ்’ என்ற இரு ஆங்கிலச் சொற்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுதி, இடைவெளி விட்டு, காணாத கட்டளையின் பெயரைத் தட்டுங்கள். இடத்தைக் காட்டினால் பொருள் இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. பெயரை மட்டும் திருப்பிச் சொன்னால் பெரும்பாலும் அது ஏற்றப்படவில்லை. பழைய புத்தகங்களில் வரும் ‘இஃப்கான்ஃபிக்’ இந்த இரண்டாம் வகை. டெபியன் 9 முதல் அது தானாக வருவதில்லை. அதற்குப் பதில் ‘ஐபி’ கட்டளை இருக்கிறது.

‘சூடோ’ வேலை செய்யாததற்குக் காரணம் வேறு. டெபியனை ஏற்றும்போது ‘ரூட்’ கடவுச்சொல் கேட்கும். அதைக் காலியாக விட்டால்தான் முதல் பயனருக்குச் சூடோ உரிமை கிடைக்கும். கொடுத்துவிட்டீர்களா? மேலே சொன்ன ‘எஸ்யூ’ வழி போதும்.

புதிதாக ஒன்றை ஏற்றப் போய் ‘பேக்கேஜ் கிடைக்கவில்லை’ என்று வந்தால், நிர்வாகியாக ‘ஏபிடி அப்டேட்’ கொடுத்துப் பட்டியலைப் புதுப்பியுங்கள். டிவிடியைப் போடு என்று கேட்டால், பெரும்பாலும் இணையம் இல்லாமல் ஏற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ‘சோர்சஸ் லிஸ்ட்’ கோப்பில் ‘சிடிராம்’ என்ற வரியை நீக்கி, டெபியனின் இணைய முகவரியைச் சேர்க்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். திரையில் வரும் வாசகத்தை அப்படியே தாளில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.

அந்த மாணவரிடம் அடுத்த வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தனிக் கணக்குகளை அவரே உருவாக்கித் தந்துவிட்டார்.