ஜெராக்ஸ் மெஷின் காலையில் கிளம்ப மறுத்தால்…

இ-சேவை மையங்களிலும் தாலுகா அலுவலக வாசல் கடைகளிலும் ஓடுகிற ஜெராக்ஸ் மெஷின்களில் பல, வேறொரு அலுவலகத்தில் வருடக்கணக்கில் உழைத்துவிட்டு செகண்ட் ஹேண்டாக வந்தவை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், வரிசையில் பத்துப் பேர் என்று இருக்கும்போதுதான் அது மக்கர் பண்ணும். மெக்கானிக் வருவதற்குள் நாமே எதைப் பார்க்கலாம், எதில் கை வைக்கவே கூடாது?

மெஷின் மொத்தமாக உயிரில்லாமல் கிடக்குதா? பேனலில் உள்ள பட்டன் பெரும்பாலும் மெஷினைத் தூங்க வைக்கவும் எழுப்பவும் மட்டும்தான். மெயின் சுவிட்ச் தனியாகப் பக்கவாட்டிலோ, முன் கதவுக்கு உள்ளேயோ இருக்கும். அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பிளக். "செல்போன் சார்ஜ் ஏறுதே, கரன்ட் சரியாத்தான் இருக்கு" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சார்ஜர் எடுப்பது சில பத்து வாட்தான். பெரிய மெஷின் சூடேறும்போது 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கம்ப்யூட்டருக்கு வைத்த 600 விஏ யுபிஎஸ்ஸும் இதைத் தாங்காது. ஆன் செய்ததும் டியூப்லைட் மங்கி, மெஷின் அணைந்து அணைந்து எரிந்தால், முதல் சந்தேகம் கரன்ட் வரும் வழி மேல்தான். சுவரில் உள்ள 15 ஆம்ப்ஸ் பவர் பிளக்கில் நேரடியாகச் சொருகிப் பாருங்கள்.

பேனல் எரியுது, ஆனால் உள்ளே எதுவும் சுற்றவில்லை என்றால் கதவுகளைப் பாருங்கள். கதவு சரியாக மூடினால்தான் மோட்டாருக்குக் கரன்ட் போகும். அதற்கென்று சின்ன சுவிட்ச் உண்டு. பழைய மெஷினில் அதை அழுத்துகிற பிளாஸ்டிக் நாக்கு உடைந்துபோயிருக்கும். அட்டையை மடித்துத் திணித்து ஓட்டுவது சில கடைகளில் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கதவுக்குப் பின்னால் உயர் மின்னழுத்தம் இருக்கிறது.

சூடேறிக்கொண்டே இருந்து கடைசியில் கோடு எண் காட்டினால் விஷயம் கொஞ்சம் பெரிசு. மைத்தூளைக் காகிதத்தில் உருக்கி ஒட்டவைக்கும் ஃப்யூசர் என்ற பகுதி, ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். குறித்த நேரத்துக்குள் சூடு வரவில்லை என்றாலோ, அளவு மீறினாலோ மெஷின் தானே நின்றுவிடும். கேனானில் இ000, இ001. ரிக்கோவில் எஸ்சி 541, 542, 543 எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஹீட்டர், சூட்டை அளக்கும் சென்சார், சென்சாரில் படிந்த அழுக்கு, லோ வோல்டேஜ் என்று எதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்த வகைக் கோடு பெரும்பாலும் ஆஃப் செய்து ஆன் செய்தாலும் போகாது. வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். சர்வீஸ் மோடுக்குள் போய் அதை அழிக்கும் வழி யூடியூபில் கிடைக்கிறது. கோளாறைச் சரிசெய்யாமல் கோடை மட்டும் அழித்தால், கட்டுப்பாடு இழந்த ஹீட்டர் மறுபடி எரியத் தொடங்கும். சுற்றிலும் காகிதம். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? இங்கே பிளக்கைக் கழற்றுவதோடு நம் வேலை முடிந்தது.

மெஷினை இடம் மாற்றிய பிறகு கண்ணாடிக்கு அடியில் 'கடகட' சத்தம் வந்தால், ஸ்கேனரைப் பூட்டிவைத்த ஸ்குரூவை எடுக்காமல் விட்டிருக்கலாம். மழைக்காலக் காலையில் முதல் சில நகல்கள் மங்கலாக வந்தால், உள்ளே ஈரம் கோத்திருக்கும். அரை மணி நேரம் ஆனில் விட்டுப் பாருங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், மெஷினை ஆன் செய்ததிலிருந்து ஒரு நிமிட வீடியோ எடுங்கள். ஃப்யூசர் கோடு வந்திருந்தால் மறுபடி ஆன் செய்யாமல் கோடு எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்க லேபிளில் உள்ள மாடல் பெயர், இதுவரை எடுத்த நகல்களின் எண்ணிக்கை இரண்டையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எந்தப் பாகம் வேண்டும் என்று ஓரளவு ஊகித்து எடுத்துவருவார். அனுப்புமுன் கண்ணாடி மேல் யாருடைய ஆதாரோ, பாஸ்புக்கோ இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிற்பவர்கள் டிஜிலாக்கரைத் திறந்து பார்க்கலாம். அதில் 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியில் உள்ளவை சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே போட்டோ எடுத்து ஏற்றியவற்றுக்கு அந்த மதிப்பு கிடையாது.