பாறைக்குப் பசிக்குமா? பவளப்பாறையை வீட்டிலேயே சொல்லித்தர 12 குறிப்புகள்

"ஆச்சி, பாறைக்குப் பசிக்குமா?" என்று என் பேத்தி ஒருநாள் கேட்டாள். பவளப்பாறையைப் பற்றி வகுப்பில் படித்துவிட்டு வந்திருந்தாள். பெயரில் பாறை இருப்பதால் பிள்ளைகள் மனதில் பதிவது கடலுக்குள் கிடக்கும் ஒரு கல்தான். கல்லுக்காக யார் கவலைப்படுவார்கள்? அது உயிர் என்று ஒருமுறை விளங்கிவிட்டால் போதும், அக்கறை தானாக வந்துவிடும். அதை விளங்க வைக்கக் கடலோரத்தில் வீடு வேண்டியதில்லை. சமையலறையில் இருப்பதே போதும்.

1. பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுங்கள். மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு, பவளப்பாறை வேறு. நகைப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வளர்வது. அது பாறை கட்டாது. பாறை கட்டும் பவளங்கள் வெயில் எட்டும் ஆழத்தில், வெதுவெதுப்பான கடலில் வாழ்பவை. இலங்கைத் தமிழர் இதை முருகைக்கல் என்பார்கள். கல் அதன் வீடு. வீட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே குடியிருப்பது ஒரு சின்னஞ்சிறு விலங்கு. அதற்குப் பசிக்கும்!

2. கடுகையும் மிளகையும் உள்ளங்கையில் வையுங்கள். பெரும்பாலான பவள உயிரிகள் இந்த அளவுதான். ஒரு வாய், அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கைகள். உண்பதும் கழிப்பதும் அந்த ஒரே வாய் வழியாக. பல இனங்கள் இரவில் கைகளை நீட்டி, தண்ணீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்கின்றன. ஆயிரக்கணக்கான கடுகுகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியதுதான் அந்தப் பெரிய பாறை என்று சொல்லுங்கள். பிள்ளையின் கண் விரியும்.

3. சப்பாத்தி மாவில் ஒரு பவளம் செய்யுங்கள். மாவைச் சின்னக் கிண்ணம்போல் குழித்து, விளிம்பில் சேமியாத் துண்டுகளைச் செருகுங்கள். அவை கைகள். பிறகு ஊறவைத்த பச்சைப்பயறை உடலெங்கும் அழுத்திப் பதிக்கச் சொல்லுங்கள். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி இந்தப் பயறு. பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரித்து, பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் அதற்குத் தங்க இடம் தருகிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதியும் இந்தப் பாசியால் வருவதுதான்.

4. அதே பொம்மையில் வெளுத்தலைக் காட்டுங்கள். "கடல் தண்ணீர் சுடுகிறது" என்று சொல்லி, பயறுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொல்லுங்கள். மாவு வெள்ளையாக, குழி குழியாக நிற்கும். கோடையில் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் இப்படிப் பெரிய அளவில் வெளுத்து, ஏராளமான பவளங்கள் மடிந்தன. ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பிவரும். பொம்மையைத் தூக்கிப் போடாதீர்கள். கடைசிக் குறிப்புக்கு அது வேண்டும்.

5. 100 அரிசி மணிகளை எண்ணித் தட்டில் பரப்புங்கள். மொத்தக் கடலடி அவ்வளவு என்றால், பவளப்பாறை அதில் ஒரு மணிகூட இல்லை. ஆனால் கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த இடம்தான் வீடு. மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் அதன் இடுக்குகளில்தான். மீன்குழம்பு வைக்கும் நாளில் இதைச் சொன்னால் நன்றாகப் பதியும்.

6. காய்கறிப் பையில் பவள வடிவங்களைத் தேடச் சொல்லுங்கள். கிளைவிட்ட இஞ்சி, மான்கொம்புப் பவளம். வால்நட் பருப்பு, மூளைப் பவளம். காலிபிளவர்போல் கொத்தாக வளரும் இனங்களும் உண்டு. காளானைக் கவிழ்த்தால் அடியில் தெரியும் மடிப்புகளைப் போன்ற வரிகளோடு காளான் பவளமும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 வகைக் கடினப் பவளங்கள் பதிவாகியுள்ளன.

7. நிலைக்கதவில் பவளத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். பிள்ளையின் உயரத்தைக் குறித்துவைக்கும் இடத்திலேயே, பக்கத்தில் பவளத்தின் வளர்ச்சியையும் குறியுங்கள். மான்கொம்பு வகை ஆண்டுக்குச் சுமார் 10 செ.மீ. வளரக்கூடும். உருண்டையாகத் திரளும் வகையோ ஆண்டுக்கு ஒரு செ.மீ. வளர்வதே அரிது. ஒரு குடத்தின் உயரத்துக்கு வளர்ந்த உருண்டைப் பவளத்துக்கு அப்பாவின் வயது இருக்கலாம். நங்கூரம் ஒன்று விழுந்தால் அது உடைய ஒரு நொடி போதும்.

8. வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு சோதனை. பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். சுண்ணாம்பு கண்ணிலும் வாயிலும் பட்டால் புண்ணாகும். ஒரு சிட்டிகை சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்க வையுங்கள். காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் கண்ணாடித் தம்ளரில் கால்வாசி இறுத்து, அதே அளவு தண்ணீர் சேருங்கள். உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதுங்கள். தவறியும் உறிஞ்சிவிடக் கூடாது. தெளிந்த நீர் பால்போல் வெளுக்கும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. பவளம் தன் வீட்டைக் கட்டும் பொருளும் அதுவே. முட்டை ஓடும் சங்கும்கூட அதுதான். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருங்கள், சற்றுப் பொறுமை வேண்டும். வெண்மை மங்கி, நீர் மறுபடி தெளியத் தொடங்கும். கரியமில வாயு மிஞ்சினால் கட்டியது கரைகிறது! கடலில் இது இவ்வளவு வேகமாக நடப்பதில்லை. ஆனால் நாம் எரிக்கும் கரியும் பெட்ரோலும் விடும் வாயுவில் ஏறத்தாழ கால்பங்கைக் கடல் உள்வாங்குகிறது. அதனால் பவளத்துக்கு வீடு கட்டுவது கடினமாகிக்கொண்டே வருகிறது.

9. 21 மொச்சைக்கொட்டைகளால் ஒரு வரைபடம். சாக்பீஸால் தரையில் ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை கரையை வரையுங்கள். மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4 என்று கொட்டைகளை வையுங்கள். இவைதான் மன்னார் வளைகுடாத் தீவுகள். சுற்றிலும் பவளப்பாறைகள் நின்று அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. ஒரு காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் இந்தப் பாறைகளை வெட்டி வெட்டி எடுத்தார்கள். இப்போது இரண்டு கொட்டைகளை எடுத்துவிடுங்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986இல் இப்பகுதி கடல் தேசியப் பூங்கா ஆனது. வேலியாக நின்ற பாறையை வெட்டினால் வீட்டுக்குள் என்ன வரும் என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.

10. பௌர்ணமி இரவில் மொட்டைமாடியில் ஒரு கதை. பவளங்களால் நடக்க முடியாது. ஆனாலும் பல இனங்கள் ஆண்டில் சில இரவுகளில் மட்டும், நிலவின் கணக்குப்படி, சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகக் கருமுட்டைகளைக் கடலில் விடுகின்றன. பல இடங்களில் அது பௌர்ணமியை ஒட்டி நடக்கிறது. சின்னச் சின்ன மணிகள் கீழிருந்து மேலே பெய்யும் மழைபோல் மிதந்து எழும்பும். சில நாட்கள் அலைந்தபின், குஞ்சுகளில் தப்பியவை ஒரு கெட்டியான இடத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அங்கே புது வீடு தொடங்கும்.

11. கடற்கரைக்குப் போகுமுன் மூன்று சொல் கற்றுக்கொடுங்கள்: மிதிக்காதே, தொடாதே, எடுக்காதே. வெள்ளையாக அழகாக இருக்கிறதே என்று பவளத் துண்டுகளை வாங்க வேண்டாம். 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இதற்கும். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வனத்துறை அனுமதியோடுதான் போகலாம். கரையில் கிடக்கும் வலைத் துண்டையும் பிளாஸ்டிக் பையையும் மட்டும் எடுத்து வாருங்கள். அவை பவளத்தின் மேல் போர்த்திக்கொண்டால் அதற்கு வெயில் கிடைக்காது.

12. "எல்லாம் செத்துப்போய்விடுமா?" என்று கேட்டால் மழுப்பாதீர்கள். ஆபத்து உண்மைதான் என்று சொல்லுங்கள். கூடவே, தூத்துக்குடிக் கடலில் உயிருள்ள பவளத்தின் சிறு கிளைகளைச் சட்டங்களில் கட்டி, கடலடியில் வைத்து வளர்த்துவருகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். கரியும் பெட்ரோலும் குறைவாக எரிய, வீட்டில் ஆளில்லாத அறையின் விசிறியை நிறுத்துவதும், பக்கத்துக் கடைக்கு நடந்தே போவதும் அந்த வேலையோடு சேர்ந்தவைதான். பிறகு, எடுத்துவைத்த மாவுப் பொம்மையைக் கொடுங்கள். என் பேத்தி எதுவும் பேசவில்லை. மாவு கொஞ்சம் காய்ந்திருந்தது. விரலைத் தண்ணீரில் தொட்டுத் தடவி அதை இளக்கினாள். பிறகு கிண்ணத்திலிருந்த பயறுகளை ஒவ்வொன்றாகப் பழைய குழியிலேயே திரும்பப் பதித்தாள்.