காடியைத் திருப்பிக் கொடுத்தால் கடன் தீருமா?

இந்த மாதப் பாடம் ஈட்டுக் கடன். அம்மா சங்கிலியை அடகுக்கடையில் வைப்பதும் ஈட்டுக் கடன்தான், வேலைக்குச் சேர்ந்த கையோடு நீங்கள் எடுக்கும் காடியும் ஈட்டுக் கடன்தான். பணம் வராவிட்டால் விற்பதற்குக் கடன் கொடுத்தவரிடம் ஒரு பொருள் இருக்கிறது. ஆனால் இரண்டும் முடிகிற விதம் வேறு.

அடகுக்கடையில் வட்டி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, மீட்க ஆறு மாதம் என்பது 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டம். மீட்காவிட்டால் நகை போய்விடும். வலிக்கும், ஆனால் கதை அதோடு சரி. கடைக்காரர் உங்கள் சம்பளத்தைத் தேடி வருவதில்லை.

நம் பிள்ளைகள் பலர் காடியையும் இப்படித்தான் நினைக்கிறார்கள். "அண்ணே, கட்ட முடியலன்னா பேங்க்ல கொண்டுபோய் விட்டுடலாம்ல?" என்று என் வகுப்பில் கேட்காத ஆள் இல்லை. விடலாம். ஆனால் கடன் தீராது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 50,000 வெள்ளிக் கடன், வட்டி 3.5 விழுக்காடு, 7 ஆண்டு. பல ஆண்டுகளாக இங்கே வழக்கத்தில் இருந்த நிலையான வட்டி முறையில், முதல் நாள் கடனை வைத்தே ஏழு ஆண்டுக்கும் வட்டி போடுவார்கள். வட்டி மட்டும் 12,250 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 741. கடன் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி குறைவதில்லை, அதனால் உண்மையான வட்டி 6 விழுக்காட்டைத் தாண்டிவிடும். காடியின் விலையோ கடனைவிட வேகமாக இறங்கும். இரண்டு ஆண்டு கழித்துத் தவணை நின்று, பாக்கி 40,000 இருக்கும்போது ஏலத்தில் 28,000தான் கிடைத்தது என்று வையுங்கள். மீதி 12,000 வெள்ளியும், இழுத்த செலவும், நிறுத்தி வைத்த செலவும் உங்கள் தலையில்தான். ஓட்ட காடி இல்லை, கட்டக் கடன் இருக்கிறது.

அதற்காக நினைத்தவுடன் வந்து காடியை இழுத்துப் போகவும் முடியாது. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும், எழுத்தில் நோட்டீஸ் வந்து 21 நாள் அவகாசம் தந்திருக்க வேண்டும். மொத்தத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இழுக்க வருபவரிடம் அனுமதி அட்டை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, மரியாதைக் குறைவு இல்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இரவல் பெயர். மாமா பையனுக்கு சிசிரிஸ் அறிக்கை சரியில்லை, அதனால் உங்கள் பெயரில் கடன் எடுத்து அவர் ஓட்டுவார். தவணை தவறினால் பேங்க் கூப்பிடுவது உங்களைத்தான், அவரை அல்ல. அவர் வாய்ச்சொல் பேங்குக்குத் தெரியாது. நாளைக்கு நீங்கள் வீடு வாங்கப் போகும்போது அந்தத் தாமதம் உங்கள் அறிக்கையில் நிற்கும்.

ஜாமீன் கையெழுத்து இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. சொந்த உபயோகக் காடிக்கு, பலன் எதுவும் வாங்காமல் ஜாமீன் நின்றவரை 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு திவாலாக்க முடியாது. ஆனால் பணத்துக்கு வழக்குப் போடலாம். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று சொல்லும் உறவினரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் ஒரு தீபாவளி வரைக்கும்தான்.

ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்கள் முதல் தவணை தவறும் முன்பே பேங்கிடம் பேசுங்கள், கடனை மறுசீரமைக்கக் கேட்கலாம். பேங்க் நெகாரா ஏற்படுத்திய ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. போகும்போது ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வந்த நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.