ஒற்றைக் குளம்பு

மும்பை, திலக் நகர். மாலை நேரம். பேண்டு வாத்தியம் முழங்க மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. மாப்பிள்ளை வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் இளைஞர்கள் ஆடினார்கள். குதிரை நின்றது.

ஆச்சியும் பேத்தியும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஆச்சிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே ஐயனார் கோவில் மண் குதிரைதான் அவருக்குப் பழக்கம்.

“மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கு. குதிரைக்கு ஏன் ஒத்தக் குளம்பு?” என்று கேட்டார்.

பேத்தி கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். “மாடு இரண்டு விரலில் நிற்குது ஆச்சி. குதிரை நடுவிரல் ஒன்றில் மட்டும் நிற்குது. குளம்பு அந்த விரலோட நகம்” என்றாள்.

ஆச்சி தன் கையை விரித்துப் பார்த்தார். “மற்ற நாலு விரல் எங்கே போச்சு?”

கேட்க வேண்டிய கேள்விதான். பேத்தி குஜராத் கதையைச் சொன்னாள்.

சூரத் அருகே வஸ்தான் என்ற இடம் உள்ளது. நெய்வேலியைப் போல அங்கும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் உண்டு. 2004-இல் அங்கே விஞ்ஞானிகள் மிகப் பழைய எலும்புகளைக் கண்டார்கள். பல், தாடை, கால் எலும்பு என்று பல ஆண்டுகள் பொறுக்கினார்கள். ஒரே வகை விலங்கின் எலும்புகள் 200-க்கு மேல் கிடைத்தன. அதற்குக் காம்பேதீரியம் என்று பெயர். காம்பே என்பது அந்தப் பகுதியின் பழைய பெயர்.

அது வாழ்ந்து சுமார் 5 கோடியே 45 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அப்போது இந்தியா ஆசியாவோடு சேரவில்லை. கடல் நடுவே தனித் தீவாக இருந்தது. அந்த விலங்கு ஆடு அளவுதான். முன்காலில் 5 விரல்கள்!

“அதுதான் குதிரைக்குப் பாட்டனா?”

“பாட்டன் இல்லை ஆச்சி. பாட்டனுக்குப் பங்காளி.”

குதிரையும் காண்டாமிருகமும் ஒரே வம்சம். அந்த வம்சம் இந்தியத் தீவில் தோன்றியிருக்கலாம் என்று அந்த விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

முதல் குதிரைகள் நாய் அளவுதான் இருந்தன. முன்காலில் 4 விரல், பின்காலில் 3 விரல். காட்டில் இலை தின்றன. பிறகு பல இடங்களில் காடு குறைந்து புல்வெளி பரவியது. வெட்டவெளியில் ஒளிய இடம் ஏது? ஓட வேண்டும். கால் நீண்டது. பக்க விரல்கள் சிறுத்தன. இமயமலை அடிவாரத்தில், சிவாலிக் குன்றுகளில், மூன்று விரல் குதிரைகளின் எலும்புகள் கிடைத்துள்ளன. அவை அழிந்துவிட்டன. இப்படி எத்தனையோ கிளைகள் பட்டுப்போயின. இன்று மிஞ்சியவை குதிரை, கழுதை, வரிக்குதிரை வகைகள் மட்டுமே. கட்ச் பகுதியில் இன்றும் காட்டுக் கழுதைகள் ஓடுகின்றன.

“அந்த விரல் முழுக்கப் போகலை ஆச்சி. முழங்காலுக்குக் கீழே, தோலுக்குள்ளே, இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பாக இருக்கு.”

ஆச்சி விடவில்லை. குதிரைக்காரரிடம் சைகையால் கேட்டார். அவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆச்சி குனிந்து முன்காலை மெல்லத் தடவினார்.

“ஆமாட்டி, இருக்கு!”

பேண்டு மறுபடி முழங்கியது. குதிரை நகர்ந்தது.